பார்த்தும் விட்ட சொல்

விரோதி வருஷம், ஆவணி 9. பரங்கிப்பேட்டை.

பாப்பரசருடைய தூதரான தானாபதி பெல்காரி ஆண்டகை இன்று காலை கரை இறங்கினார். ரோமாபுரியை விட்டுக் கிளம்பிப் பதினாலு மாதம் ஆயிற்றாம். தோணிக்காரர்கள் அவரைத் தூக்கிவந்து மணலில் நிறுத்தியதும் முதல் ஆளாக முழங்காலிட்டு, போர்த்துகீசு பாஷையில் வரவேற்புச் சொன்னவன் நான்தான். முடியப்பன், இந்த மாதா கோவிலில் பன்னிரண்டு வருஷமாகப் பாஷை பெயர்த்துச் சொல்கிற துபாசி. இதை எதற்கு எழுதி வைக்கிறேன் என்றால், நாளைக்கு எவனாவது வந்து தான்தான் முதலில் பேசினேன் என்று சொல்லக் கூடாது.

நம் கிறிஸ்தவர்கள் கலியாணம், பிள்ளைப்பேறு, சாவு இவற்றில் பழைய வழக்கங்களை எவ்வளவு விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து, எது கூடும் எது கூடாது என்று கட்டளை எழுதவே ஆண்டகை வந்திருக்கிறார். தை மாதம் கப்பல் திரும்பும்போது ஒரு துபாசியையும் கூடவே கூட்டிப்போவாராம். கர்தினால்மார் முன்னால் நின்று நம் நாட்டைப் பற்றிச் சாட்சி சொல்வதற்கு. எங்கள் கோவில் குரு கார்வாலோ சுவாமி இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். இங்கே என்னை விட்டால் துபாசி யார்?

ஆவணி 11

என் பெண்சாதி கித்தேரியின் தம்பி பெலவேந்திரன் நாகப்பட்டணத்திலிருந்து ஒரு மூட்டைக் கருவாட்டோடு வந்து இறங்கியிருக்கிறான். அக்காவுக்கு ஏழு மாதம், கூடமாட இருக்கலாம் என்று வந்தானாம். வேலை வெட்டி ஒன்றும் இல்லை. ஆறு வருஷம் பறங்கிக் கப்பல்களில் எடுபிடியாக ஓடியிருக்கிறான், அந்தப் பாஷையும் கப்பல்காரர்கள் பேசுகிற மாதிரியே பேசுகிறான். வினைச்சொல் ஒரு பக்கம் போகும், பெயர்ச்சொல் ஒரு பக்கம் போகும். கேட்டால் காது கூசுகிறது.

வீட்டுக் கூரைக்கு ஓலை மாற்ற வேண்டும்.

ஆவணி 20

ஆண்டகை இன்று சாப்பாட்டுக்குப் பின் என்னை உட்காரவைத்துத் தன் கதையைச் சொன்னார். மலைநாட்டு ஊர் ஒன்றில் ஒரு வைத்தியர் மகன். இருபத்திரண்டு வயதில் ஒரு தானாபதிக்கு எழுத்தராகச் சேர்ந்தார். போலந்து ராசாவின் அரண்மனையில் ஒன்பது வருஷம், அங்கே பனியில் இடது காது மரத்துப்போயிற்று. பிறகு போர்த்துகீசு ராசாவின் லிஸ்போவா பட்டணம். இரண்டு ராசாக்கள் சண்டைக்குக் கிளம்பியதை ஒரே கடிதத்தால் நிறுத்தினாராம், பேர் மட்டும் மேலே இருந்தவருக்குப் போய்விட்டது. கடைசியில் ஆயர் பட்டம் கொடுத்து, யாரும் போக விரும்பாத இந்தத் திசைக்கு அனுப்பிவிட்டார்கள்.

கூடப் படித்தவர் தொர்னெல்லி என்று ஒருவர் இருக்கிறார். அவர் இப்போது கர்தினால், சிவப்புத் தொப்பி. கதை முடிவதற்குள் அந்தப் பேர் பதினொரு தடவை வந்தது. “அவன் கையெழுத்துகூட நன்றாக இருக்காது” என்றார். ஐயோ பாவம், இவ்வளவு பெரிய மனுஷருக்கு இப்படி ஒரு பொறாமை! அந்தச் சீக்கு எனக்கு இல்லை, ஆண்டவருக்குத் தோத்திரம்.

புரட்டாசி 4

இன்று ஒரு அவமானம். ஆண்டகையோடு ஆற்றங்கரைக்குப் போயிருந்தோம். தோணிக்காரர்கள் எங்களைப் பார்த்து என்னவோ கூவினார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். “தேவரீருடைய வருகையால் இந்தக் கரை பாக்கியம் பெற்றது என்கிறார்கள்” என்று சொன்னேன். துபாசி என்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும். பின்னால் வந்த பெலவேந்திரன் பொத்துக்கொண்டு சிரித்தான்.

ஆண்டகை திரும்பி, ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார். அந்தப் பயல் கொஞ்சமும் யோசிக்காமல் தன் ஓட்டைப் பாஷையில் சொல்லிவிட்டான்: “அந்தக் கிழவனுக்கு யாராச்சும் ஓலைக்குடை புடிங்கடா, வெயில்ல கருவாடாப் போயிடப் போறான்னு சொல்றாங்க, ஆண்டகையே.”

எனக்கு உயிரே போயிற்று. ஆண்டகையோ கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கப்பல் ஏறிய நாளிலிருந்து இப்படிச் சிரிக்கவில்லை என்றார். திரும்பி வரும்போது அவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

புரட்டாசி 5

ஆண்டகை ஆள் விட்டு பெலவேந்திரனைக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. தலைவலி.

புரட்டாசி 18

இந்த வருஷத்துக்கு விரோதி என்று பேர் வைத்தவன் விவரம் தெரிந்தவன்.

காலையில் ஆண்டகையின் தாள்களை அடுக்குவது அவன். மாலையில் கடற்கரைக்கு நடப்பது அவன். நான் பன்னிரண்டு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு இலக்கணம் படித்தவன், வாசலில் நிற்கிறேன். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அவன் புராணம்தான். கித்தேரி அவனுக்கு வஞ்சிரத்தில் நடுத்துண்டு போட்டாள், எனக்கு வால் துண்டு.

“என்னா, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?” என்றாள்.

“ஒண்ணுமில்ல.”

“எந்தம்பிக்கு ஒரு நல்லது நடந்தா ஒங்களுக்கு ஏன் ஆவல?”

“எனக்கென்ன வந்துச்சு? நடக்கட்டுமே!” என்று சொல்லிவிட்டுக் கை கழுவினேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்தது தப்புதான், பசித்தது.

ஐப்பசி 2

நல்ல நாள். விரிவாக எழுத வேண்டும்.

ஆண்டகை ஊர்ப் பெரியவர்களை அழைத்து விசாரணை வைத்தார். பெலவேந்திரன் ஆண்டகையின் பெட்டிகளை எடுத்துவரக் கூடலூர் போயிருந்தான், ஆகவே துபாசி நான் ஒருவன்தான். எல்லாவற்றிலும் கடினமான விஷயம் ஞானஸ்நானத்தில் வருவது. ரோமாபுரி முறைப்படி குருவானவர் தன் விரலை நாவில் நனைத்துப் பிள்ளையின் காதையும் மூக்கையும் தொட வேண்டும். இங்கே சுவாமிமார் அதைச் செய்வதே இல்லை, ஜனங்கள் ஒப்பமாட்டார்கள் என்று கமுக்கமாக விட்டுவிடுகிறார்கள். இதைப் பற்றி இங்கிருந்து ரோமாபுரிக்கு முப்பது வருஷமாகக் கடிதச் சண்டை.

ஆண்டகை, “குருவின் வாய்நீர் பட்டால் உங்களுக்கு என்ன தடை என்று கேள்” என்றார். நான் பெரியவர்களைப் பார்த்து, “குருவானவருடைய உமிழ்நீரைப் பிள்ளைகளின் செவியிலும் நாசியிலும் இடுவதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?” என்று கேட்டேன்.

மிக்கேல் முதலி கொஞ்சம் யோசித்தார். “உமிழ்நீரா? சாமி மந்திரிச்சுக் குடுக்கிற தீர்த்தந்தான? தாராளமா வெக்கட்டும்!” என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

“ஆட்சேபணை இல்லை என்கிறார்கள்” என்று சொன்னேன். அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். கேட்ட கேள்விக்கு வந்த பதிலைச் சொல்வதுதான் என் வேலை, வியாக்கியானம் செய்வது இல்லை.

ஆண்டகையின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “முப்பது வருஷத்து வழக்கை ஒரே காலையில் தீர்த்துவிட்டாய், முடியப்பா. தொர்னெல்லி இதைக் கேட்க வேண்டும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கூடலூரிலிருந்து திரும்பிய பெலவேந்திரன் வாசலில் நின்று பார்த்தான். நன்றாகப் பார்க்கட்டும் என்று நானும் கையை உடனே எடுக்கவில்லை.

ஐப்பசி 14

ஓயாத மழை. மூன்று இடத்தில் ஒழுகுகிறது. ரோமாபுரியில் கூரையெல்லாம் கல்லாம்.

கார்த்திகை 6

ஆண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். தேவமாதாவுக்குத் தோத்திரம்.

ஞானஸ்நானத்தில் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக இருக்க ஆண்டகையைக் கேட்கலாம் என்று மனசுக்குள் வைத்திருந்தேன். கித்தேரி அதற்குள் தம்பியிடம் சொல்லிவிட்டாள். “ரோமாபுரிக்காரரு நாளைக்குக் கப்பலேறிப் போயிடுவாரு. எம்புள்ளைக்கு ஒண்ணுன்னா ஓடியாறது யாரு?” என்கிறாள்.

மார்கழி 1

கட்டளை எழுதி முடிந்தது. ஆண்டவர் பிறப்புத் திருநாளன்று கோவிலில் வாசித்து, அன்றைக்கே பதினொரு பிள்ளைகளுக்குப் புது முறைப்படி ஞானஸ்நானம். அதைத் தமிழில் எழுதும் வேலை எனக்கு வரும் என்று மை, தாள் எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

ஆண்டகை அதை பெலவேந்திரனிடம் கொடுத்துவிட்டார்! காரணமும் சொன்னார்: “உன் தமிழ் மிக உயர்ந்தது என்று கார்வாலோ சொல்கிறார், முடியப்பா. ஆனால் இது தோணிக்காரனுக்கும் புரிய வேண்டும். அவன் எழுதட்டும், நீ ஒரு தடவை பார்த்துக்கொடு.”

பார்த்துக்கொடுக்க வேண்டுமாம். ‘ற’வுக்கும் ‘ர’வுக்கும் வித்தியாசம் தெரியாதவன் எழுதுவான், நான் பார்த்துக்கொடுக்க வேண்டுமாம். வயிறு எரிகிறது. பொறாமை இல்லை என்று இதே தாள்களில் எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், தாள் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

மார்கழி 7

மத்தியானம் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன். பெலவேந்திரன் தாளைக் கொண்டுவந்து பவ்யமாக நீட்டினான்.

“மாமா, எங்கயாச்சும் தப்பிருந்தா அடிச்சிடுங்க. எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல.”

வாசித்தேன். எதிர்பார்த்ததைவிட நன்றாகவே எழுதியிருந்தான், அதுவும் கடுப்பாக இருந்தது. ஏழாவது வரியில் வந்தது: ‘சுவாமியார் தன் எச்சிலைத் தொட்டுப் பிள்ளைகளின் காதிலும் மூக்கிலும் வைப்பார்.’

கை நின்றது. எச்சில்! தின்று போட்ட இலைக்குச் சொல்கிற சொல், அடுத்தவன் வாய் வைத்த செம்புக்குச் சொல்கிற சொல். அதைக் கோவிலில், திருநாளன்று, பிள்ளை பெற்றவள்கள் முன்னால் வாசிக்கப் போகிறான். கப்பல்காரர்களோடு ஒரே குவளையில் குடித்துப் பழகியவனுக்கு அது உறைக்கவில்லை போலும். மை தொட்ட இறகு என் கையில்தான் இருந்தது. ஒரு கோடு போட்டு மேலே ‘உமிழ்நீர்’ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

“என்னா மாமா, சரியா இருக்குதா?”

“சரியாத்தான் இருக்குது” என்றேன். இரண்டு இடத்தில் ‘ர’வை ‘ற’ ஆக்கிக் கொடுத்தேன். அவன் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

அவன் சொல், அவன் பாடு.

மார்கழி 15. பிறப்புத் திருநாள்.

பெலவேந்திரன் பீடத்துப் படியில் நின்று வாசித்தான். நல்ல குரல். ஏழாவது வரி வந்தது. வாசித்துவிட்டு அடுத்த வரிக்குக்கூடப் போகவில்லை.

“என்னாது? எச்சிலா?” என்று ஒரு பொம்பிளை கத்தினாள். “பச்சப்புள்ள மூக்குலயா? ஐயையோ!”

அப்புறம் யார் கத்துகிறார்கள் என்று தெரியவில்லை. மிக்கேல் முதலி எழுந்து நின்று, பெலவேந்திரனை விட்டுவிட்டு என் பக்கம் கை நீட்டினார். “யோவ் துபாசி! தீர்த்தம்னுதானய்யா நாங்க தலையாட்டுனோம்!” என்றார். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தியாக வெளியே போனாள்கள். கித்தேரி நாலாவதாகப் போனாள். நம் பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமல் வீட்டுக்குத் திரும்பியது. பதினொன்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஆண்டகை முழு உடையோடு, கையில் செங்கோலோடு, வெறும் கோவிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெலவேந்திரன் தாளைப் பிடித்தபடி அழுதான்.

எனக்கு அடிவயிற்றில் ஒரு குளிர்ச்சி. சந்தோஷம்தான், வேறு என்ன சொல்ல? திருநாளன்று பொய் எழுதக் கூடாது.

மார்கழி 16

ஆண்டகை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நல்ல அங்கியைப் போட்டுக்கொண்டு போனேன்.

முதலில் அவனைக் கேட்டார். எச்சில் என்றால் என்ன, ஏன் ஓடினார்கள்? அவன் முகம் வீங்கியிருந்தது. தெரிந்த பாஷையில் திணறித் திணறிச் சொன்னான்: “வாயில பட்டது எல்லாமே எச்சில்தான், ஆண்டகையே. நாய் வாய் வெச்ச சோறும் எச்சில், ராசா வாய் வெச்ச சோறும் எச்சில். அதுல பெரியவங்க சின்னவங்க கெடையாது. நீங்க குடிச்ச கிண்ணத்துல எங்க அக்கா தண்ணி குடிக்கமாட்டா. உங்க மேல மரியாத இல்லாம இல்ல. அவளுக்கு அது முடியாது.”

ஆண்டகை தன் எதிரில் இருந்த கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இதுதான் சமயம் என்று நான் முன்னால் வந்தேன்.

“தேவரீர் மன்னிக்க வேண்டும். என்னிடம் கொடுத்திருந்தால் ‘உமிழ்நீர்’ என்று எழுதியிருப்பேன். ஒரு சத்தமும் வந்திராது.”

“ஐப்பசியில் நீ அவர்களிடம் சொன்னது அந்தச் சொல்லா?”

“ஆம், ஆண்டகையே. மிக உயர்ந்த சொல்.”

“அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று அன்றைக்கு அவர்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க. தீர்த்தம்னு நெனச்சுட்டாங்களாம்” என்றான் பெலவேந்திரன், யாரும் கேட்காமலே.

“உனக்குத் தெரியுமா, அவர்களுக்குத் தெரியாது என்று?” ஆண்டகை என்னைத்தான் கேட்டார். நான் அங்கியின் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“நேற்று வாசித்த தாளை முன்னமே பார்த்தாயா?”

“மாமாதான் பாத்துக் குடுத்தாரு! சரின்னு சொன்னாரு!” அந்த முட்டாள் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னான்.

ஆண்டகை அவனை வெளியே போகச் சொன்னார். கதவு சாத்தியதும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு பேசினார். லிஸ்போவாவில் இருந்தபோது தொர்னெல்லி ஒரு பிரபுவுக்குக் கடிதம் எழுதி ஆண்டகையிடம் பார்க்கக் கொடுத்தானாம். பிரபுவின் பட்டம் தவறாக இருந்ததாம். “நானும் பார்த்தேன். நானும் சரி என்றேன்.”

“அப்புறம்?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“பிரபு விழுந்து விழுந்து சிரித்தார். இப்படி எழுதியவனைப் பார்க்க வேண்டும் என்று விருந்துக்கு அழைத்தார். அங்கிருந்து அவன் ஏற ஆரம்பித்தான்.” திரும்பி என்னைப் பார்த்தார். கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “இந்தக் கட்டளை என் கடைசி நம்பிக்கை, முடியப்பா. அது போயிற்று. ஏன் போயிற்று என்று கர்தினால்மாருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு ஆள் வேண்டும். அழகாகப் பேசுகிறவர்கள் அங்கே ஏராளம். நான் அவனைக் கூட்டிப்போகிறேன்.”

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. நான் திருத்தியிருந்தால் நான் போயிருப்பேன்! ஒரே ஒரு கோடு! என் கையாலேயே அவனைக் கப்பலில் ஏற்றியிருக்கிறேனே, என்னைப் போல ஒரு மடையன் இந்தக் கரையில் உண்டா?

மார்கழி 20

கட்டளையில் அந்த வரியை ஆண்டகை நிறுத்திவைத்தார். பதினொரு பிள்ளைகளுக்கும் கார்வாலோ சுவாமி பழைய முறைப்படி ஞானஸ்நானம் கொடுத்தார். நம் பிள்ளைக்கு அருளப்பன் என்று பேர். ஞானத்தகப்பன் பெலவேந்திரன்.

தை 9

கப்பல் போய்விட்டது. கரையில் ஊரே நின்றது. பெலவேந்திரன் புது அங்கியில் இருந்தான், அதன் கை அவனுக்கு நீளமாக இருந்தது. எல்லோர் முன்னாலும் என் காலில் விழுந்தான்.

“மாமா, நீங்க மட்டும் அன்னிக்கு அந்த எச்சிலை அடிச்சிருந்தீங்கன்னா நான் இன்னிக்குக் கப்பலேறியிருக்க மாட்டேன். பாத்தும் விட்டீங்க பாருங்க, என்னிக்கும் மறக்கமாட்டேன்.”

நாலு பேர் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். தனக்கு வர வேண்டியதை மச்சானுக்கு விட்டுக்கொடுத்த மகராசன் என்று ஒரு கிழவர் சொன்னார். கித்தேரி மட்டும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

தோணி அலையைத் தாண்டும்வரை பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: “நீங்க அதைப் படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“நாங்கெல்லாம் புள்ளயத் தூக்கிட்டு ஓடுவோம்னு ஒங்களுக்குத் தெரியும்.”

“ம்.”

“அவன நல்லாயிருக்கட்டும்னு நெனச்சா விட்டீங்க?”

பன்னிரண்டு வருஷம் எந்தப் பாஷையில் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லிப் பழகிய வாய். குனிந்து காலில் ஒட்டிய மணலைத் தட்டினேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து போனாள்.

தை 22

அவள் சமைக்கிறாள், பரிமாறுகிறாள். பேசுவதில்லை. இன்று நடுத்துண்டு எனக்குத்தான் போட்டாள், அப்படியே இலையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மாசி 3

நாலு நாளாகக் கடல் மோசம். மல்லிப்பட்டணம் பக்கம் ஒரு கப்பலின் பாய்மரம் ஒதுங்கியிருப்பதாக நேற்று ஒரு தோணிக்காரன் சொன்னான். எந்தக் கப்பல் என்று தெரியவில்லை. அதைக் கேட்ட அந்த நொடியில் எனக்குள் என்ன வந்தது என்பதை இந்தத் தாளில்கூட எழுத மாட்டேன்.

இன்று பூசையில் கடலில் இருக்கிறவர்களுக்காக எல்லோரும் மனசுக்குள் வேண்டிக்கொள்ளுங்கள் என்றார் கார்வாலோ சுவாமி. ஆண்கள் பக்கம் ஆண்களும் பெண்கள் பக்கம் பெண்களும் முழங்காலில் நின்றார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

பக்கத்தில் யாரோ வந்து முழங்காலிட்டது போல் இருந்தது. கண்ணைத் திறந்தால் கித்தேரி. ஆண்கள் பக்கம், எல்லோரும் பார்க்க, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு. இருபத்துநாலு நாளுக்குப் பின் இன்றுதான் பேசினாள்.

“மனசுக்குள்ள வேண்டாதீங்க” என்றாள். “வாய் விட்டுச் சொல்லுங்க. நான் கேக்கணும்.”

“எல்லாரும் பாக்குறாங்க, கித்தேரி.”

“பாக்கட்டும். சொல்லுங்க.”

பெலவேந்திரன் பத்திரமாகக் கரை சேர வேண்டும் என்று சொன்னேன். என் காதுக்கே கேட்கவில்லை. இன்னும் சத்தமாக என்றாள். சொன்னேன். மிக்கேல் முதலி திரும்பிப் பார்த்தார். மறுபடியும் என்றாள். என் குரல் எனக்கே நம்பும்படியாக வரும்வரை அவள் விடவில்லை.